அது வெறும் தக்கைதானே?

இந்த வாரம் பென்ஷன் கதையும் இல்லை, குந்தா பவர் ஹவுஸ் கதையும் இல்லை. சண்டை போட வந்திருக்கிறேன். எழுபத்தைந்து வயதில் சண்டை எதற்கு என்று வீட்டுக்காரி கேட்டாள். காரணத்தைச் சொன்னதும், "அப்படின்னா நல்லா எழுதுங்க" என்று காபியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை டென்வரிலிருந்து பேத்தி வீடியோவில் வந்தாள். பன்னிரண்டு வயசு. வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை அன்றைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தது. "தாத்தா, எனக்கு ஃபிஷிங் வராது. ராடைக் கராஜில் வச்சிடச் சொல்லிட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் நான் அங்கே நான்கு மாதம் இருந்தபோது, மாப்பிள்ளை எங்களை சவுத் பிளாட் ஆற்றுக்கு, டெக்கர்ஸ் என்கிற இடத்துக்கு, வாராவாரம் கூட்டிக்கொண்டு போவார். டென்வரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே இந்தப் பிள்ளை ஒரே காலையில் நான்கு டிரவுட் பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டவள். இப்போது ஐந்து தடவை போய் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம்.

என்னம்மா ஆச்சு என்று தோண்டித் துருவிக் கேட்டேன். குழந்தைகளுக்கான மீன்பிடி வகுப்பு ஒன்றுக்குப் போனாளாம். அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் இவள் நரம்பில் கட்டியிருந்த கம்பளித் துணுக்கைப் பார்த்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி, "இது வெறும் தக்கை, நிஜமான ஃப்ளை ஃபிஷிங் பண்றவங்க இதை வைக்க மாட்டாங்க" என்றாராம். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இவள் அதை அவிழ்த்துப் பையில் போட்டாள். மீனும் அன்றோடு நின்றது.

அந்த மனுஷர் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது, பெயரும் தெரியாது. ஆனால் அவர் சொன்ன அதே வாக்கியத்தை நான் 1976-ல் கேட்டிருக்கிறேன். அதற்கு இரண்டு வருஷம் பலியாகியும் இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கோபம்.

இந்தத் தொழிலே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நம் ஊரில் தூண்டில் போடுவது எப்படி? மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, நரம்பில் தக்கை, அதற்குக் கீழே ஈயக்குண்டு, கடைசியில் முள், முள்ளில் மண்புழு. ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். ஃப்ளை ஃபிஷிங் என்பதில், அதை நான் எனக்குள் பூச்சித் தூண்டில் என்று சொல்லிக்கொள்வேன், முள்ளில் இரை கிடையாது. முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள். அது ஊதினால் பறக்கும். அதைத் தூர எறிய முடியாது. ஆகவே கயிற்றுக்குக் கனம் கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு, அதைக் காற்றில் பின்னும் முன்னும் வீசினால் அது விரிந்து போய் விழும், பூச்சி அதன் வாலில் ஒட்டிக்கொண்டு போகும். நாம் எறிவது கயிற்றை; பூச்சி பயணி மட்டுமே.

அந்தப் பூச்சி இரண்டு வகை. ஒன்று மேலே மிதப்பது. மீன் வந்து கவ்வினால் கண்ணால் பார்க்கலாம், தண்ணீர் சுழிக்கும், சந்தேகமே இல்லை. இன்னொன்று மூழ்குவது. ஈசல் மாதிரி இறக்கையோடு ஒருநாள் பறந்து சாகிற பூச்சிகள் பல, அதற்கு முன்னால் மாதக்கணக்கில், சிலது ஒரு வருஷத்துக்கும் மேலாக, ஆற்றுக்கல்லுக்கு அடியில் குஞ்சாக வாழும். டிரவுட் தின்பதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீருக்கடிப் பூச்சிகளைத்தான். அதனால் மூழ்குகிற பூச்சியைப் போட்டால்தான் பெரும்பாலான நாட்களில் மீன். ஆனால் மூன்றடி ஆழத்தில், ஓடுகிற தண்ணீரில், அரிசி அளவுப் பூச்சியை மீன் வாயில் வாங்கினதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகக் கயிற்றின் நுனி நரம்பில் ஒரு மிதக்கிற பொருளைக் கட்டுவார்கள். கம்பளித் துணுக்கு, நுரைத் துண்டு, காற்றடைத்த சின்னப் பிளாஸ்டிக் உருண்டை, எதுவாகவும் இருக்கலாம். அதற்கு ஸ்ட்ரைக் இண்டிகேட்டர் என்று பெயர். அதாவது, தக்கை.

ஆமாம், தக்கைதான். அந்த வாத்தியார் பொய் சொல்லவில்லை. "வெறும்" என்றார் பாருங்கள், அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன் நான். என் பெரியப்பாதான் குரு. மயில்தோகைத் தண்டை வெட்டித் தக்கை செய்வார். அது கிடைக்காவிட்டால் நெட்டி, அதுவும் இல்லாவிட்டால் சோளத்தட்டையின் உள்தண்டு. ரப்பர் செருப்பு ஊருக்கு வந்தபிறகு அறுந்த செருப்பெல்லாம் எங்களுக்குத்தான். ஈயத்தைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குவோம், அதைச் சொல்லவே இப்போது நடுங்குகிறது. "ஏல, மீனத் தேடாத, தக்கையப் பாரு. தண்ணிக்குள்ள நடக்கிறத அது சொல்லும்" என்பார் பெரியப்பா. கெண்டை கொத்தினால் தக்கை படபடவென்று ஆடும். கெளுத்தி எடுத்தால் சாய்ந்துகொண்டே போகும். விரால் என்றால் பட்டென்று காணாமல் போகும். எட்டு வயசுப் பயல்களுக்கெல்லாம் அந்தப் பாஷை தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியப்பாவிடம் நான் படித்த முதல் பாடம் அது.

1976-ல் எனக்கு நீலகிரியில் குந்தா பக்கம் வேலை. அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்கு வந்து விழும் ஓடைகளில் டிரவுட் உண்டு. வெள்ளைக்காரர்கள் பல தடவை முயன்று, கடைசியில் 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து நிலைக்க வைத்த மீன். ஊரைவிட்டுப் போகிற ஒரு தோட்டக்காரக் குடும்பத்திடம் பழைய பிளவு மூங்கில் ராடும் பட்டுக் கயிறும் மலிவாக வாங்கினேன். பட்டுக் கயிற்றை ஒவ்வொரு முறையும் காயவைத்து, கொழுப்பு தடவினால்தான் மிதக்கும். புதுப் பெண்டாட்டியைவிட அதைத்தான் அதிகம் கவனித்தேன் என்று இன்றும் பேச்சு வாங்குகிறேன்.

முதல் தடவை போனபோது பழக்க தோஷத்தில் ஒரு சின்ன நெட்டித் தக்கையைக் கட்டினேன். கூட வந்தவர் பெரிய இடத்து மனுஷர், பைப் பிடிப்பார், ஆங்கிலம் மட்டும் பேசுவார். என் நரம்பைப் பார்த்து, "தம்பி, குளத்தங்கரைப் பழக்கத்தைக் குளத்தங்கரையிலேயே விட்டுவிட வேண்டும்" என்று சிரித்தார். கூட இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். தக்கையை அறுத்து எறிந்தேன். கூடவே, எனக்கே தெரியாமல், பெரியப்பாவையும் கொஞ்சம் அறுத்து எறிந்தேன் என்று பிற்பாடு தோன்றியது.

அடுத்த இரண்டு வருஷம், மழைமாதம் போக, லீவு நாளெல்லாம் ஓடையில்தான். மொத்தம் மூன்று மீன். மூன்றும் மீனாகவே வந்து மாட்டியவை, என் சாமர்த்தியம் கிடையாது. ஓடையில் மீனே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் காலை. அணைப்பக்கத்து வாட்சர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், மேட்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு நான் வீசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பின்னாலிருந்து விழுந்ததால் அவருக்குத் தண்ணீரின் அடி தெரிந்திருக்கிறது. நான் ஒரு மடுவில் பூச்சியை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவர் மெதுவாகக் கேட்டார்: "சார், மீன் வேண்டாமுன்னுதான் விடுறீங்களா?"

"எந்த மீன் அண்ணே?"

"அந்தப் பாறைக்கு இந்தாண்ட நிக்குதே. மூணு வாட்டி வாயில வாங்கித் துப்பிடுச்சு. நீங்க சும்மாவே நிக்கிறீங்க."

மூன்று தடவை! என் கையில் ஒரு சிலிர்ப்புக்கூட வரவில்லை. கயிற்றில் ஒரு அசைவு தெரியவில்லை. மேட்டில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நின்றது, முக்கால் அடி நீளம் இருக்கும். மிதந்து வருகிற எதையும் வாயைத் திறந்து வாங்கும், பிடிக்காததை உடனே வெளியே தள்ளும். ஒரு நொடிகூட ஆகாது.

இரண்டு வருஷமாக எனக்கு நடந்தது இதுதான். மண்புழுவைக் கடித்த மீன் ருசி கண்டு விடாமல் மெல்லும். நீங்கள் தூங்கி எழுந்து இழுத்தாலும் கிடைக்கும். இறகையும் மயிரையும் கடித்த மீனுக்கு வாயில் என்ன ருசி? துப்பிவிடும். நியாயப்படி பார்த்தால் மண்புழுக்காரனைவிடப் பூச்சிக்காரனுக்குத்தான் தக்கை அதிகம் வேண்டும். இந்தச் சின்னக் கணக்கு அந்த பைப் பிடித்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவருக்கு முப்பது வருஷப் பழக்கம், கயிற்றின் நுனி கொஞ்சம் தயங்கினாலே பிடித்துவிடுவார். தனக்கு வேண்டாமென்றால் நேற்று வந்தவனுக்கும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்றிரவு குவார்ட்டர்ஸில் வீட்டுக்காரி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். மூத்த மகள் வயிற்றில் இருந்த சமயம். ஆரஞ்சுக் கம்பளி. ஒரு விரல் நீளம் அறுத்துக் கேட்டேன். எதற்கு என்றாள். தக்கைக்கு என்றேன். கயிற்றுக்குத் தடவுகிற அதே கொழுப்பைக் கம்பளியிலும் தேய்த்து, நரம்பில் ஒரு முடிச்சுக்குள் சொருகி, நுனியைப் பஞ்சுபோல் உதறிவிட்டேன். அடுத்த ஞாயிறு அதே மடு. கம்பளி வந்துகொண்டே இருந்தது, பாறைக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றது. முங்கவில்லை, ஆடவில்லை, நின்றது. கையைத் தூக்கினேன். மேட்டிலிருந்து வாட்சர் அண்ணன் கத்திய கத்தல் எமரால்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

டென்வரில் இருக்கிறவளுக்குப் போன வருஷம் நான் கட்டிக்கொடுத்ததும் ஆரஞ்சுக் கம்பளிதான்.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன்.

மரபு என்பார்கள். எந்த மரபு? பூச்சித் தூண்டில்காரர்கள் தங்கள் பழைய நூல் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவது 1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு சின்ன நூலை. பூச்சி கட்டும் விதத்தைச் சொல்கிற அதே நூல் தக்கை செய்யும் விதத்தையும் சொல்கிறது. இரண்டும் ஒரே அட்டைக்குள் சண்டையில்லாமல் இருந்தன. நம் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-ல் ஒரு புத்தகம் போட்டார், பிறகு 1887-ல் குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு புத்தகம் எழுதினார். குளத்தங்கரை அந்த துரைக்குக் கேவலமாகப் படவில்லை. அவருக்குப் பின் ஊட்டிக்கு வந்து பைப் பிடித்த நம் ஆட்களுக்குத்தான் கேவலமாகப் பட்டது.

இந்தத் தூய்மைவாதத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு, ருசியானது. 1880-களில் ஹால்ஃபோர்டு என்பவர் மிதக்கிற பூச்சியைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதினார். நல்ல புத்தகங்கள். அவர் சீடர்கள் அதை வேதமாக்கி, மிதக்கிற பூச்சியைத் தவிர வேறெதையும் போடுவது அசிங்கம் என்று ஆக்கிவிட்டார்கள். ஸ்கூஸ் என்ற லண்டன் வக்கீல், மீன் தண்ணீருக்கு அடியில்தானே தின்கிறது, அங்கே பூச்சி விட்டால் என்ன என்று 1910-ல் எழுதினார். பெரிய ரகளை. 1938-ல் லண்டன் கிளப்பில் இதற்காகவே ஒரு விவாதக் கூட்டம் வைத்து, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் கிழவரை நடுவில் உட்காரவைத்து ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த வருஷத்தோடு அவர் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தூண்டில் போட்டுவந்த இட்சன் ஆற்றுப் பகுதியை விட்டு விலகினார். இன்றைக்கு மூழ்கும் பூச்சி போடாத பூச்சிக்காரன் அபூர்வம். ஸ்கூஸ் தக்கை வைத்தவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் மீன் திரும்பும்போது அடிக்கிற மினுக்கைக் கண்ணால் பிடித்தவர். ஆனால் நேற்று அசிங்கம் என்று சொன்னதைத்தான் இன்று இவர்கள் எல்லோரும் செய்கிறார்கள். கோடு மட்டும் கொஞ்சம் நகர்ந்து தக்கையில் வந்து நிற்கிறது.

சோம்பேறித்தனம் என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கம்பளி கிடைத்த பிறகு ஒரு வருஷம் நான் அதைத் தவிர எதையும் பார்க்கவில்லை. என் காலடியில் மீன்கள் மேலே வந்து ஈசலைத் தின்றுகொண்டிருந்தபோதும் நான் ஆரஞ்சையே முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தெளிந்து அசையாமல் நிற்கிற ஆழமில்லாத தண்ணீரில் தக்கை தொப்பென்று விழுந்தால் மீன் ஓடிவிடும், அங்கே அவிழ்த்துவிட வேண்டியதுதான். ஆழம் மாறிக்கொண்டே இருக்கிற ஓடையில் தக்கை ஒரே ஆழத்தைத்தான் தரும். பூச்சி மேலெழும்பும்போது மீன் துரத்தி எடுப்பது தக்கையால் கெட்டுப்போகும். எல்லாம் சரி. உலகப் போட்டிகளிலும் நரம்பில் மிதவை கட்டக்கூடாது என்றுதான் விதி. போட்டிக்காரர்கள் அதற்குப் பதில் நரம்பிலேயே பளிச்சென்ற வண்ணத் துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். கண்ணுக்கு ஒரு அடையாளம் அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் இதெல்லாம் பத்து வருஷம் கழித்து வரவேண்டிய பேச்சு. முதல் மாதத்துப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா?

அதைவிட முக்கியமான ஒன்றை இவர்கள் கவனிப்பதே இல்லை. தக்கை மீன் கடிப்பதை மட்டும் சொல்வதில்லை. ஆற்றைச் சொல்லும். பக்கத்தில் மிதக்கிற நுரைக்குமிழியைப் பாருங்கள். தக்கை அதைவிட வேகமாக ஓடினால், கயிறு எங்கோ வேகமான நீரில் மாட்டிக்கொண்டு பூச்சியை இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். ஆற்றின் போக்குக்கு மாறாக இழுபடுகிற பூச்சியை எந்த டிரவுட்டும் சீந்தாது. கயிற்றை ராடின் நுனியால் தூக்கி மேல்பக்கம் மடித்துப் போட வேண்டும். குமிழியோடு சரிசமமாகவோ, அதைவிடக் கொஞ்சம் மெதுவாகவோ போனால் சரி, ஏனென்றால் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாகத்தான் ஓடும். பத்து முறை விட்டும் தக்கை ஒருதடவைகூடத் தயங்கவில்லையா? பூச்சி அடியைத் தொடவில்லை. ஆழத்தைக் கூட்டு, அல்லது ஒரு குண்டு சேர். ஒவ்வொரு தடவையும் நிற்கிறதா? கல்லில் உரசுகிறது, குறை. இதையெல்லாம் ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை தன் கண்ணால் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது. தக்கையைப் பிடுங்கிவிட்டால் அவளுக்கு ஆறு வெறும் பளபளப்பு. ஐந்து தடவை போய்விட்டு வந்து அவள் சொன்னது "மீன் கடிக்கலை" என்று அல்ல. "எனக்கு வராது" என்று சொன்னாள். இதை எப்படி மன்னிப்பது?

இன்னொரு சண்டையும் பாக்கி இருக்கிறது, சாமான் விஷயத்தில். அந்த வகுப்பு ஒரு கடையோடு சேர்ந்தது. அங்கே மாப்பிள்ளை தலையில் எண்ணூறு டாலருக்குமேல் கட்டியிருக்கிறார்கள். தக்கை இல்லாமல் மீன் வரவில்லை என்றதும், ராட் போதாது என்று இன்னொரு ராட். மார்பு வரைக்கும் வருகிற ரப்பர்க் கால்சட்டை. இருபது பை வைத்த மேல்சட்டை. நானூறு பூச்சி அடங்குகிற பெட்டி. நாற்பது பைசாக் கம்பளியைப் பரிகாசம் பண்ணுகிறவர்களிடம் விற்க இத்தனை இருக்கிறது.

தொடங்குகிறவருக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒன்பதடி ராட் ஒன்று, நடுத்தரமான ஐந்தாம் எண். ராடும் கயிறும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், அது ஒன்றில்தான் பிசகக்கூடாது. எண் என்பது கயிற்றின் கனம். ஐந்தாம் எண் கயிற்றில் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும், அந்த 9 கிராமுக்கு வளைகிற ராட்தான் வேண்டும். மிதக்கிற கயிறு, முன்பக்கம் கனமானது. காசு செலவழிக்க ஆசைப்பட்டால் கயிற்றில் செலவழியுங்கள், ராடில் வேண்டாம். ரீல் என்பது இந்தச் சின்ன மீனுக்குக் கயிறு சுற்றிவைக்கிற சக்கரம், அவ்வளவே. நுனியில் ஒன்பதடி, போகப்போக மெலிகிற நரம்பு. அதற்கு 4 எக்ஸ், 5 எக்ஸ் என்று நம்பர் போட்டிருப்பான், புதியவர்கள் விழிப்பார்கள். பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் தடிமன், இஞ்சில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு. எண் கூடக்கூட நரம்பு மெலியும். இந்தக் கணக்கை மாப்பிள்ளைக்கு நான்தான் சொன்னேன், கடையில் சொல்லவில்லை.

பூச்சி ஆறு போதும், மூழ்குகிறது நான்கு, மிதக்கிறது இரண்டு. நரம்பு வெட்ட வீட்டு நகவெட்டி. முள் எடுக்க ஒரு சின்ன இடுக்கி. முள்ளின் எதிர்முனையை அதே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. எமரால்டில் காற்றடித்த ஒருநாள் என் பூச்சி என் காதுமடலில் ஏறியது. நசுக்காத முள். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் அதை எடுக்க முடியாமல் முன்னாலேயே தள்ளி வெட்டித்தான் எடுத்தார். அது கண்ணாக இருந்திருந்தால்? தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் பிள்ளைகளை ராடைத் தொடவிடாதீர்கள். இதற்கு மட்டும் எந்தக் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்குங்கள். ரப்பர்க் கால்சட்டை வேண்டவே வேண்டாம், வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்க எதற்கு அது? கரையிலிருந்தே பாதி மீன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறது. இறங்குகிறவர்கள்தான் அதை விரட்டுகிறார்கள்.

ஈயக்குண்டு பற்றிச் சொல்ல வந்தேன். ஈயம் விஷம். இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் சிந்திய குண்டுகளைத் தின்று அன்னங்கள் செத்ததால், 1987-ல் சின்ன ஈயக்குண்டுகளை விற்கவும் போடவும் தடை செய்தார்கள். தகரத்தில் செய்தது கிடைக்கிறது, அதை வாங்குங்கள். எதுவானாலும் பல்லால் கடிக்காதீர்கள். நாங்கள் கடித்தோம், எங்கள் கணக்கு வேறு.

இங்கே நீலகிரியில் இப்போது போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்த ஓடைகளில் பல இன்று காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை, மீன்துறை இரண்டையும் கேட்காமல் கம்பைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

பேத்திக்கு அன்றைக்கே போனில் சொன்னேன். கண்ணு, அந்த ஆள் சொன்னது சரி, அது தக்கைதான். உன் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, மயிலிறகில் செய்தார், நான் உன் அம்மாவின் ஸ்வெட்டர் கம்பளியில் செய்தேன். நீ போய்க் கட்டு. முழங்கால் ஆழத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டடித் தண்ணீர் என்றால், பூச்சிக்கு மேலே மூன்றிலிருந்து நாலடியில் கட்டு. ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு, நீர் வேகமாக ஓடினால் இரண்டு மடங்கு. கயிற்றை அடித்து வீசாதே, சிக்கிக்கொள்ளும். பெரிதாக, மெதுவாகச் சுற்றிப் போடு. தக்கை முங்கினால்தான் மீன் என்று காத்திருக்காதே. நின்றாலும் மீன், சாய்ந்தாலும் மீன், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் மீன். சந்தேகம் வந்தால் தூக்கு. மேலே பிடுங்காமல் நீரோட்டம் போகிற பக்கமாகச் சாய்த்து இழு, மீன் எதிர்நீரைப் பார்த்துத்தான் நிற்கும், முள் வாயோரத்தில் ஏறும்.

"அவர் பார்த்தால்?" என்றாள்.

"பார்க்கட்டும். எத்தனை மீன் என்று கேட்டால் எண்ணிக்கையைச் சொல்."

சிரித்தாள். ஆனால் பையில் போட்ட கம்பளியைத் தேடினால் காணவில்லையாம், துணியோடு சேர்ந்து மெஷினுக்குப் போயிருக்கும் என்றாள் அவள் அம்மா. வீட்டுக்காரி மேல் பரணிலிருந்து பழைய டிரங்க் பெட்டியை இறக்கச் சொன்னாள். ஸ்வெட்டர் இருந்தது. பூச்சி அரித்து ஒரு கை போயிருந்தது, மற்றதெல்லாம் நிறம் மங்காமல் அப்படியே. ஓரத்திலிருந்து இரண்டு முழம் பிரித்து, கவரில் போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பியாயிற்று. தபால் செலவு கம்பளியைவிட எத்தனையோ மடங்கு.

கவர் போன வியாழக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த ஞாயிறு டெக்கர்ஸ் போகிறார்களாம். அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே திங்கள் காலை ஏழரை. நடைப்பயிற்சிக்கு அன்றைக்கு நான் வரமாட்டேன், பார்க்கில் யாரும் தேட வேண்டாம்.